மொன்றியலில் கடை விளம்பரம்: பிரெஞ்சுக்கும் ஆங்கிலத்துக்கும் தனித்தனியே எழுதும் முறை

மொன்றியலில் கடை நடத்தும் நம்மவர்கள் விளம்பரத்தை ஆங்கிலத்தில் எழுதி முடித்துவிட்டு, கடைசி நேரத்தில் யாரிடமாவது கொடுத்துப் பிரெஞ்சாக்கிக் கொள்வதுண்டு. இந்த வரிசையைத் தலைகீழாக்குவதே முதல் வேலை. பிரெஞ்சு விளம்பரத்தை முதலில் எழுதுங்கள். பிறகு அதே சரக்குக்கு ஆங்கிலத்தில் வேறொன்றைப் புதிதாக எழுதுங்கள்.

காரணங்களில் சட்டமே முதன்மையானது. மொன்றியல் இருக்கும் கியூபெக் மாகாணத்தில் 1977இல் வந்த பிரெஞ்சு மொழிச் சாசனம் பெயர்ப்பலகைகளில் பிரெஞ்சை மட்டுமே அனுமதித்தது. கனடா உச்ச நீதிமன்றம் 1988இல் அதை ஏற்க மறுத்தது. நீண்ட இழுபறிக்குப் பின் 1993இல் பிற மொழிகளுக்கும் இடம் கிடைத்தது. ஆனால் பிரெஞ்சு மேலோங்கித் தெரிய வேண்டும் என்பது நிபந்தனை. இந்த மேலோங்கலுக்கு அளவும் உண்டு: பிற மொழி எழுத்துக்கு ஒதுக்கும் இடத்தைப் போல இரு மடங்காவது பிரெஞ்சுக்கு ஒதுக்க வேண்டும். கடையின் தமிழ்ப் பெயருக்கு 1 சதுர மீட்டர் கொடுத்தால், மளிகையும் மசாலாவும் விற்பதைச் சொல்லும் பிரெஞ்சு வரிகளுக்குக் குறைந்தது 2 சதுர மீட்டர் வேண்டும். வெளிப்பலகையில் உள்ள பிற மொழி வணிகக்குறிகளும் 2025 ஜூன் 1 முதல் இந்தக் கணக்குக்குள் வந்துவிட்டன. இரவில் தமிழ்ப் பெயர் ஒளிரும் நேரமெல்லாம் பிரெஞ்சும் ஒளிர வேண்டும் என்பதை மின்வேலை செய்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பேருந்திலும் பேருந்து நிழற்குடையிலும் வைக்கும் வணிக விளம்பரம் பிரெஞ்சில் மட்டுமே இருக்கலாம். ஆங்கில நாளிதழிலோ தமிழ் வானொலியிலோ இந்தக் கட்டுப்பாடு கிடையாது.

சட்டத்துக்கு அடுத்தது சுவை. 1980களின் நடுவில் பெப்சி நிறுவனம் மற்ற மாகாணங்களில் ஓடிய அமெரிக்க விளம்பரங்களைக் கியூபெக்கில் ஒதுக்கி வைத்துவிட்டு, உள்ளூர் நகைச்சுவை நடிகர் குளோட் மொனியேயைக் கொண்டு கியூபெக் பேச்சு வழக்கிலேயே விளம்பரங்கள் எடுத்தது. வட அமெரிக்காவின் மற்ற இடங்களில் கோக் முந்திக்கொண்டிருந்தபோது இங்கே பெப்சி மேலே வந்தது. மைக்கேல் ஜாக்சனை வைத்து விற்ற நிறுவனமே இங்கே அடுத்த தெருக்காரர் போன்ற ஒருவரைத் தேடிப் போனது என்பதை, சின்னக் கடைக்காரரும் மனத்தில் கொள்ளலாம். ஆகவே பிரெஞ்சு வரிகளைத் திருத்த, பாரிஸில் படித்தவர் கிடைத்தாலும், கியூபெக்கில் வளர்ந்த ஒருவரையே நாடுங்கள். வாடிக்கையாளரை நீ என்று அழைப்பதா, நீங்கள் என்று அழைப்பதா என்பதையும் அவரிடமே கேளுங்கள். ஆங்கிலத்தில் எழாத இந்தக் கேள்வி பிரெஞ்சில், தமிழில் போலவே, முதல் வரியிலேயே எழுந்துவிடும். காப்புறுதி விற்பவருக்கு மரியாதைப் பன்மை பொருந்தும்; இளைஞர்களுக்கான கொத்துரொட்டிக் கடைக்கு ஒருமையே நெருக்கமாகப் படலாம்.

நாட்காட்டியும் ஒன்றல்ல. ரொறன்ரோவில் ஜூலை 1 கனடா தினத்துக்கான சிவப்பு வெள்ளை விளம்பர நாள். கியூபெக்கிலோ கொண்டாட்டம் மாகாணத்தின் தேசிய விழாவான ஜூன் 24 அன்று, நீல வெள்ளையில் நடக்கும். பெரும்பாலான வாடகை ஒப்பந்தங்கள் ஜூன் 30இல் முடிவதால், ஜூலை 1 வீடு மாறும் நாளாகிவிடுகிறது. சமைக்க நேரமில்லாமல் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கும் குடும்பத்துக்குச் சாப்பாட்டுப் பொதி விற்க இதைவிட நல்ல நாள் கிடையாது.

எழுத்து வடிவில் ஒரு நுணுக்கம் உண்டு. ஆங்கிலத்தில் $4.99 என்று எழுதுவதைப் பிரெஞ்சில் 4,99 $ என்று எழுத வேண்டும். டொலர் குறி பின்னால் போகும், புள்ளியின் இடத்தில் காற்புள்ளி வரும். பிரெஞ்சு வாக்கியம் பெரும்பாலும் ஆங்கிலத்தைவிட நீளும் என்பதால், ஆங்கிலத்துக்கு அளந்து வரைந்த துண்டறிக்கையில் பிரெஞ்சை அடைக்க முயன்றால் எழுத்து சிறுத்துவிடும். பிரெஞ்சுக்கு அளந்து வரைந்தால் இந்தச் சிக்கல் வராது.

இனிப்பு, விளையாட்டுப் பொருள் விற்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கியூபெக்கில் 13 வயதுக்குட்பட்டவர்களைக் குறிவைக்கும் வணிக விளம்பரத்துக்கு 1980 முதல் தடை இருக்கிறது. எந்த மொழியில் எழுதினாலும் இது பொருந்தும். கடைக்குள்ளும் கண்ணாடிச் சாளரத்திலும் வைக்கும் காட்சிகளுக்கு விலக்கு இருந்தாலும், வெளியே போகும் விளம்பரத்தில் பெற்றோரிடம் பேசுவதே பாதுகாப்பானது.

பலகையை அச்சுக்குக் கொடுக்குமுன், அதன் மாதிரியைக் கடை வாசலில் ஒட்டி, எதிர்ப்பக்க நடைபாதையில் நின்று பிரெஞ்சு தெரிந்த ஒருவரைப் படிக்கச் சொல்லுங்கள். அவர் கண் முதலில் பிரெஞ்சு வரியில் விழாவிட்டால், அளவு சரியாக இருந்தாலும் நிறத்தையோ எழுத்தின் தடிமனையோ மாற்ற வேண்டியிருக்கும்.