பவர் பிரஸ்ஸின் இயக்கப் பகுதியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தேயிலைத் தொழிற்சாலைகளுக்கு உதிரிபாகம் செய்து தரும் குன்னூர், கோத்தகிரிப் பட்டறைகளில் தகட்டை அழுத்தி வடிவமைக்கும் பழைய பவர் பிரஸ் வாங்குபவர்கள், பெயர்த்தகட்டில் உள்ள டன் அளவை மட்டும் பார்த்து விலை பேசிவிடுகிறார்கள். அந்த டன், ராம் (மேலும் கீழும் இயங்கித் தகட்டை அழுத்தும் பகுதி) அடிமட்டத்தை நெருங்கும் கடைசிச் சில மில்லிமீட்டருக்கு மட்டுமே பொருந்தும். ஸ்ட்ரோக் (ராம் நகரும் தூரம்) 150 மி.மீ. உள்ள, கிராங்க் என்னும் வளைதண்டால் இயங்கும் ஒரு பிரஸ், அடிமட்டத்துக்கு 6 மி.மீ. மேலே 100 டன் தருமென்றால், ஸ்ட்ரோக்கின் நடுவில் அதைச் சுமார் 40 டன்னுக்கு மேல் சுமத்தக் கூடாது. தகட்டை ஆழமான கிண்ணமாக இழுக்கும் டையில் (அச்சில்) அழுத்தம் மேலேயே தொடங்கிவிடுவதால், 60 டன் போதும் என்று கணக்கிட்டவர் கூட கியர் பல்லையோ கிராங்க் ஷாஃப்டையோ உடைத்துக்கொள்ள நேரும்.

இதைவிடப் பரவலான தவறு வேகத்தில் நடக்கிறது. தகட்டை வளைக்கும் ஆற்றலை அந்தக் கணத்தில் தருவது ஃப்ளைவீல் என்னும் கனத்த சுழல்சக்கரம். மோட்டாரின் வேலை, அடிக்கு அடி இழந்த வேகத்தை அதற்கு மீட்டுத் தருவதே. ஆற்றல் வேகத்தின் இருமடிப்படி மாறும் என்பதால், மோட்டாரின் வேகத்தை மாற்றும் டிரைவ் பொருத்திச் சுற்றைப் பாதியாகக் குறைத்தால் கால் பங்கு ஆற்றலே மிஞ்சும். பிறகு கனத்த தகட்டில் ராம் சிக்கி நின்றதும் குற்றம் டையின் மேல் விழுகிறது!

‘குளிர் ஊரில் மோட்டார் சூடாகாது’ என்பது பாதி உண்மை. சாதாரண மோட்டார்களின் திறன் 1,000 மீட்டர் உயரம் வரைக்கும் 40 டிகிரி வெப்பத்துக்கும் குறிக்கப்பட்டது. உதகையோ ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மெலிந்த காற்று வெப்பத்தைக் குறைவாகவே வாங்கிச் செல்லும். குளிர் அதை ஓரளவு ஈடுகட்டினாலும், அடிக்கடி நிறுத்தி ஓட்டும் வேலைக்குத் தயாரிப்பாளரிடம் கேட்டுக்கொள்வதே நல்லது.

மூடுபனிக் காலத்தில் காலையில், ஃப்ளைவீலைக் கிராங்கோடு இணைக்கும் கிளட்சுக்கு அழுத்தக் காற்று தரும் குழாயில் உள்ள ஏர் ஃபில்டரின் கிண்ணத்தைப் பார்த்தால் அடியில் தண்ணீர் தேங்கியிருக்கும். அதை வடிக்காமல் ஓட்டினால் ஈரம் கிளட்ச் வால்வுக்குள் போய்த் துருப்பிடிக்க வைக்கும். வால்வு தாமதமாகத் திறந்து மூடினால் ராம் நிற்கும் இடமும் தள்ளிப்போகும். மோட்டாரையும் ஃப்ளைவீலையும் இணைக்கும் வி-பெல்ட்களில் ஒன்று அறுந்தால் அந்தத் தொகுதி முழுவதையும் மாற்ற வேண்டும். பழையதோடு புதியதைக் கலந்தால் புதியது மட்டுமே சுமை தாங்கும்.

சாவி (ஒரு சிறு பூட்டுக்கட்டை) விழுந்து கிராங்கைப் பிணைக்கும் சாவி கிளட்ச் உள்ள பிரஸ்ஸுக்கு, கை கதிரை மறித்தால் இயந்திரத்தை நிறுத்தச் சொல்லும் ஒளித்திரை வாங்கிப் பொருத்துவது பணத்தை வீணாக்குவதோடு, ஆபத்தான தைரியத்தையும் தருகிறது. சாவி ஒருமுறை விழுந்துவிட்டால் கிராங்க் முழுச் சுற்றையும் முடிக்காமல் நிற்காது. எனவே கதிர் அறுபட்டாலும் ராம் இறங்கியே தீரும். அத்தகைய இயந்திரத்துக்கு, கை உள்ளே போகவே முடியாத கம்பித் தடுப்புதான் வேண்டும்.