டூட்டிங் அணியைப் பார்க்க டூட்டிங்கில் இறங்காதீர்கள்: நான்-லீக் மைதானங்களுக்குப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

லண்டனுக்கு வந்த புதிதில் எல்லோரையும் போல நானும் பிரீமியர் லீக் டிக்கெட்டுக்குத்தான் அலைந்தேன். மெம்பர்ஷிப் வாங்கு, குலுக்கலில் பெயர் வரக் காத்திரு, வந்தாலும் கூரைக்குப் பக்கத்தில் ஒரு சீட். அப்புறம் ஒரு சனிக்கிழமை 12 பவுண்டு கொடுத்து ஏழாம் நிலை ஆட்டம் ஒன்றுக்குப் போனேன். ஆடுகளத்தைச் சுற்றி இருக்கும் கம்பியில் சாய்ந்து நின்றால், கோல்கீப்பர் தன் டிஃபெண்டரைத் திட்டுவது ஒரு வார்த்தை விடாமல் காதில் விழுகிறது. அன்றோடு அந்த அலைச்சல் முடிந்தது, வேறொரு அலைச்சல் தொடங்கியது. இதில் நான் செய்த, மற்றவர்கள் செய்து பார்த்த தவறுகளைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

இங்கிலாந்தில் மேலே உள்ள நான்கு டிவிஷன்களுக்குக் கீழே இருப்பதெல்லாம் நான்-லீக். ஐந்தாம் நிலையில் இருக்கும் நேஷனல் லீகைத்தான் இவர்கள் ‘ஸ்டெப் 1’ என்கிறார்கள். ஆகவே ‘ஸ்டெப் 3’ என்று யாராவது சொன்னால் மூன்றாம் டிவிஷன் என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள், அது ஏழாம் நிலை.

முதல் தவறு, கிளப்பின் பெயரில் இருக்கும் ஊரை நம்புவது. டூட்டிங் அண்ட் மிட்சம் யுனைடெட் ஆட்டம் பார்க்க டூட்டிங் பிராட்வேயில் இறங்கினால் நல்ல தோசை கிடைக்கும், ஆட்டம் கிடைக்காது. மைதானம் மோர்டன் பக்கம், மிட்சம் டிராம் நிறுத்தத்திலிருந்து நடக்க வேண்டும். க்ளாப்டன் கம்யூனிட்டி கிளப்பைத் தேடி ஹாக்னியில் இருக்கும் க்ளாப்டனுக்குப் போகிறவர்களும் உண்டு. 1888 முதல் கால்பந்து நடக்கும் அவர்களுடைய ‘ஓல்டு ஸ்பாட்டட் டாக்’ மைதானம் இருப்பது ஃபாரஸ்ட் கேட்டில். (ஈஸ்ட் ஹாமில் மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு பஸ் ஏறிப் போகிற தூரம்தான், நம்மவர்களுக்கு இதைவிட வசதியான மைதானம் லண்டனில் இல்லை.) உலகின் மிகப் பழைய கால்பந்து கிளப் என்று பெயர் பெற்ற, 1857இல் தொடங்கிய ஷெஃபீல்டு எஃப்.சி.யைப் பார்க்க ஷெஃபீல்டு ஸ்டேஷனில் இறங்கி நின்றாலும் இதே கதைதான். அவர்கள் ஆடியது பக்கத்து மாவட்டமான டெர்பிஷயரின் டிரான்ஃபீல்டில், ஒரு பப்புக்குப் பின்னால். இதெல்லாம் போக, சொந்த மைதானம் இல்லாமல் இன்னொரு கிளப்பின் மைதானத்தில் வாடகைக்கு ஆடுகிறவர்கள் ஏராளம், அதுவும் சீசனுக்கு சீசன் மாறும். எங்கே ஆடுகிறார்கள் என்பதை அந்த ஆண்டுக்குரிய கிளப் பக்கத்தில் பாருங்கள், பழைய பதிவுகளில் பார்க்காதீர்கள்.

இரண்டாவது தவறுதான் பணத்தையும் நாளையும் தின்கிறது: அட்டவணையில் ஆட்டம் இருக்கிறது என்பதற்காக ஆட்டம் நடக்கும் என்று நம்புவது. லீக் ஆட்டங்களோடு தனியாக நடக்கும், தோற்றால் வெளியேற வேண்டிய எஃப்.ஏ. கோப்பையில் 700க்கும் மேற்பட்ட கிளப்புகள் ஆடுகின்றன, சின்ன கிளப்புகளுக்கு அது ஆகஸ்ட்டிலேயே தொடங்கிவிடுகிறது. அதற்கு மேல் டிராஃபி, வேஸ் என்று இன்னும் இரண்டு கோப்பைகள். நீங்கள் இரண்டு மாதம் முன்பே மலிவாக ரயில் டிக்கெட் எடுத்து வைத்த சனிக்கிழமையில், அந்த இரண்டு அணிகளில் ஒன்று கோப்பையில் அடுத்த சுற்றுக்குப் போய்விட்டால் போதும், லீக் ஆட்டம் ஏதோ ஒரு செவ்வாய்க்கிழமை இரவுக்குத் தள்ளப்படும். மாற்ற முடியாத ரயில் டிக்கெட் உங்கள் கையில் இருக்கும்.

அடுத்து மழை. பெரிய கிளப்புகளுக்குத் தரைக்கடியில் சூடேற்றும் குழாய், நல்ல வடிகால், நாள் முழுக்க புல்லைப் பார்த்துக்கொள்ளச் சம்பள ஆட்கள் எல்லாம் உண்டு. இங்கே இருப்பது பெரும்பாலும் ஓய்வு பெற்ற ஒருவரும் மண்ணைக் கிளறும் ஒரு பெரிய தோட்ட முள்கரண்டியும். அந்தக் கரண்டியால் குத்திக் குத்தித்தான் தண்ணீரை இறக்குவார்கள். காலையில் ரெஃபரி வந்து பார்த்துச் சரி என்றிருப்பார், மதியம் ஒரு மழை பெய்தால் இரண்டு மணிக்கு ரத்து. ஒரு ஜனவரி மாதம் இரண்டு ரயில் மாறி, ஒரு சின்ன ஊரின் மைதான வாசலுக்கே போய்ச் சேர்ந்த பிறகு, கேட்டில் நின்ற பெரியவர் “சாரி தம்பி, பத்து நிமிஷத்துக்கு முன்னாடிதான்” என்பது போல ஆங்கிலத்தில் சொல்லி எனக்கு ஒரு டீ கொடுத்தார். டீ நன்றாக இருந்தது. தவறு அவர்கள் மீது இல்லை, கிளம்பும் முன்பும் ரயில் மாறும் இடத்திலும் அவர்களுடைய எக்ஸ் கணக்கைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். லீக்கின் இணையதளம் மெதுவாகத்தான் மாறும், கிளப்பின் கணக்கில்தான் முதலில் வரும். குளிர்காலத்தில் நான் இப்போது எப்போதுமே அதே வழித்தடத்தில் செயற்கைப் புல் போட்ட மைதானம் ஒன்றை மாற்றாக வைத்துக்கொள்கிறேன். மழைக்கு அது அசையாது. மேல் நான்கு டிவிஷன்களில் செயற்கைப் புல்லுக்கு அனுமதி இல்லை, 2021இல் மேலே ஏறியபோது சட்டன் யுனைடெட் அதைப் பெயர்த்தெடுக்க வேண்டியிருந்தது. கீழே தாராளமாக உண்டு.

வார நாள் ஆட்டங்கள் வழக்கமாக 7.45க்குத் தொடங்கும், முடிய 9.40 ஆகிவிடும். கிராமத்துப் பக்கம் கடைசி பஸ் அதற்குள் போயிருக்கும். போகும் வழியைத் தேடுவதற்கு முன் திரும்பும் வழியைத் தேடுங்கள், அவ்வளவுதான்.

பீர் விஷயத்தில் பலருக்குக் குழப்பம். 1985ஆம் ஆண்டுச் சட்டப்படி, நேஷனல் லீகும் அதற்கு மேலும் உள்ள கிளப்புகள் ஆடும் ஆட்டங்களில், ஆடுகளம் கண்ணில் படும் இடத்தில் மது கூடாது. அதற்குக் கீழே, அதாவது நேஷனல் லீக் நார்த், சவுத் தொடங்கி, பிளாஸ்டிக் டம்ளரில் வாங்கிக் கம்பியருகே நின்று குடிக்கலாம். ஆனால் எதிரணி நேஷனல் லீகிலோ அதற்கு மேலோ உள்ள கிளப்பாக இருந்தாலோ, எஃப்.ஏ. கோப்பை தகுதிச் சுற்றுகளைத் தாண்டி முதன்மைச் சுற்றுக்கு வந்துவிட்டாலோ அதே மைதானத்தில் அதே டம்ளர் குற்றமாகிவிடும். போன முறை விட்டார்களே என்று வாதாடாதீர்கள்.

சாப்பாட்டில் சைவக்காரர்கள் கவனிக்க வேண்டியது இரண்டு. டீக்கடை ஜன்னலில் ‘போவ்ரில்’ என்று எழுதியிருக்கும், குளிருக்கு எல்லோரும் ஆவி பறக்க உறிஞ்சிக்கொண்டிருப்பார்கள், ஏதோ ஹார்லிக்ஸ் மாதிரி என்று தோன்றும். அது மாட்டிறைச்சிச் சாறு. அடுத்தது சிப்ஸ்: யார்க்‌ஷயர் பக்கம் மாட்டுக் கொழுப்பில் பொரிக்கும் பழக்கம் இன்னும் உண்டு, உருளைக்கிழங்குதானே என்று வாயில் போடுவதற்கு முன் கேட்டுவிடுங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

உள்ளே போனதும் ஒரு சீட்டில் உட்கார்ந்து கடைசி வரை எழாமல் இருப்பதும் ஒரு தவறுதான் என்பேன். இரு அணி ரசிகர்களையும் தனித்தனியாகப் பிரித்து வைக்காத ஆட்டங்களில் ரசிகர்கள் தங்கள் அணி எந்த கோலை நோக்கித் தாக்குகிறதோ அதன் பின்னால் நிற்பார்கள், இடைவேளையில் கொடி, டிரம் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு மறுகோடிக்கு நடப்பார்கள். கூடவே நடந்து பாருங்கள், மைதானம் முழுக்கச் சுற்றிய மாதிரியும் ஆகும். ஷெஃபீல்டின் சாண்டிகேட்டில், 1860 முதல் கால்பந்து நடக்கும் ஹாலம் கிளப்பின் மைதானத்தில், நடந்தால்தான் அந்தச் சரிவு காலுக்குப் புரியும். எல்லா இடத்திலும் முழுதாகச் சுற்ற முடியாது. லிவர்பூல் பக்கம் கிராஸ்பியில் மரீன் கிளப்புக்கு ஒரு பக்கம் முழுக்க வீடுகளின் கொல்லைப்புறம். 2021 ஜனவரியில் டாட்டன்ஹாம் அங்கே வந்து 5-0 என்று ஜெயித்தபோது, கொரோனாவால் ரசிகர்களுக்கு அனுமதி இல்லை, அந்த வீட்டுக்காரர்கள் மட்டும் தோட்டத்தில் நின்று பார்த்தார்கள். எங்கே நின்றாலும் செல்போனைப் பார்த்துக்கொண்டே கோலுக்குப் பின்னால் நிற்காதீர்கள். கூட்டத்தைக் காக்கும் வலை அங்கே பெரும்பாலும் கிடையாது, குறி தவறிய பந்து நேராக முகத்துக்கு வரும்.

அப்புறம் ஒன்று, இதை எழுதலாமா என்று யோசித்தேன். மைதானங்களை எண்ணிக்கைக்காகச் சேர்க்கும் கிரவுண்ட்ஹாப்பர்களில் சிலர் வந்ததும் நாலு போட்டோ, ஒரு ப்ரோகிராம் (ஆட்டத்துக்கான சிறு கையேடு), ஒரு பேட்ஜ், இடைவேளையில் அடுத்த ஊருக்கு ஓட்டம். அது அவரவர் இஷ்டம். ஆனால் உள்ளூர்க்காரர் பக்கத்தில் நிற்கும்போது “எவ்வளவு குட்டியா, க்யூட்டா இருக்கு” என்று சத்தமாகச் சொல்வதும், சம்பளம் இல்லாமல் டிக்கெட் கிழிக்கும் அம்மாவிடம் 20 பவுண்டு நோட்டை நீட்டி மாணவர் சலுகைக்கு வாக்குவாதம் செய்வதும் எனக்குப் பிடிக்கவில்லை. பல இடங்களில் கார்டு வாங்குகிறார்கள், சில இடங்களில் இன்னும் இல்லை, சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். இடைவேளைக் குலுக்கலுக்கு ஒரு பவுண்டு டிக்கெட் வாங்குங்கள். இரண்டு வருடத்தில் எனக்கு விழுந்த ஒரே பரிசு, கிளப் ஸ்பான்சரான கசாப்புக் கடையின் ஒரு பை மாட்டிறைச்சி. கம்பியில் பக்கத்தில் நின்றவரிடம் கொடுத்தேன், அவர் என்னை ஸ்டேஷன் வரை காரில் கொண்டுபோய் விட்டார்.