பெருவிபத்து நேரத்தில் எக்ஸ்ரே பிரிவு: வன்னி வைத்தியசாலைகளுக்கு

ஏ9 வீதியில் ஒரு பேருந்து கவிழ்ந்தால் முப்பது பேர் ஒன்றாக வந்து இறங்கலாம். அந்நேரம் பிரிவை முடக்குவது பெரும்பாலும் இயந்திரக் கோளாறல்ல, நோயாளிகள் ஆள் மாறிப்போவதும் தேவையற்ற படங்களும்தான்.

முப்பது அடையாளப் பொதிகளை இப்போதே கட்டி வையுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு கைப்பட்டி, பத்து ஒட்டுத்தாள், இரண்டு எக்ஸ்ரே கோரிக்கைத் துண்டு. வெறும் இலக்கம் போதாது. அவசரத்தில் 17 என்பது 71 ஆகிவிடும். மரப்பெயரையும் சேருங்கள்: பாலை 17, முதிரை 18. பெயர் தெரியவந்தாலும் எல்லாம் அடங்கும்வரை கணினியில் மாற்றவேண்டாம். மாற்றினால் முன்பு எடுத்த படம் ஒரு பெயரிலும் பின்பு எடுத்தது இன்னொரு பெயரிலும் கிடக்கும்.

உடனடிச் சிகிச்சை வேண்டிய சிவப்பு அட்டைக்காரருக்கு, அவர் கிடக்கும் இடத்திலேயே, நடமாடும் எக்ஸ்ரேயில் நெஞ்சும் இடுப்பெலும்பும் மட்டும். கை கால் முறிவுக்கு மட்டை வைத்துக் கட்டிவிட்டால் படம் காத்திருக்கும். மல்லாந்து கிடப்பவரின் நெஞ்சுப் படத்தில் நுரையீரலைச் சுற்றிய காற்று முன்பக்கம் ஒதுங்குவதால் கண்ணுக்குத் தப்பிவிடலாம். ஆகவே வயிற்று அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் செய்பவர் நெஞ்சையும் பார்க்கட்டும்.

சி.டி. ஸ்கேன் படம் எடுக்க ஒரு நிமிடமும் ஆகாது. ஆளை மேசைக்கு மாற்றத்தான் பத்து நிமிடம் போகும். தூக்க நால்வரும் ஒரு வழுக்குப் பலகையும் வேண்டும். அடுத்த நோயாளி முழங்கை மடிப்பில் 18 கேஜ் கனியூலாவோடு (நாளத்தில் மருந்தேற்றும் குழாய்), சட்டைப்பைச் சில்லறை அகற்றப்பட்டு, வாசலில் காத்திருக்கவேண்டும். அறைக்கு ஒரே கதவென்றால் வரத்தையும் போக்கையும் நிறுத்தி அனுப்ப ஒருவரை அங்கே விடுங்கள்.

இங்கே இன்னொன்று. போரில் பட்ட எறிகணைச் சிதறலை உடலில் சுமப்போர் இங்கு பலர். படத்தில் உலோகத்தைக் கண்டதும் புதுக்காயமென்று எழுதாமல் தோலில் பழைய தழும்பைத் தேடுங்கள், உறவினரைக் கேளுங்கள்.

மின்பிறப்பாக்கியைச் சி.டி.யோடு மட்டும் சோதிப்பது வீண். அந்த அறைக் குளிரூட்டி அதில் இணைக்கப்படாமலிருந்தால் வெப்பமேறி சி.டி. நின்றுவிடும். நடமாடும் எக்ஸ்ரேயின் பற்றரி எப்போதும் ஏற்றத்திலேயே இருக்கட்டும். கணினி வலையமைப்பு விழுந்தால் மற்றப் பிரிவுகளில் படங்களைப் பார்க்க வழியில்லை. ஒரு பெட்டி பிலிமைத் தனியே ஒதுக்கி வையுங்கள். அறிக்கையைக் கார்பன் தாள் வைத்து எழுதி, ஒரு பிரதியை ட்ரொலியிலேயே ஒட்டி அனுப்புங்கள்.