காரில் ரப்பர் கருகும் வாடையா? எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்துச் சரிசெய்வது எப்படி

‘ரப்பர் கருகுது’ என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். உண்மையில் கருகுவது பெல்ட்டாக இருக்கலாம், கிளட்ச் பிளேட்டாக இருக்கலாம், பிரேக் பேடாகவோ வயர் உறையாகவோ இருக்கலாம். சாலையில் கிடந்த கேரி பேக் சைலன்சரில் ஒட்டி உருகினாலும் இதே வாடைதான். அதனால் எதையும் கழற்றும் முன் வாடை எப்போது, எந்தப் பக்கம் வருகிறது என்று பாருங்கள்.

படி 1: வண்டியை நிறுத்துங்கள்

சமதளத்தில் ஓரங்கட்டி எஞ்சினை அணையுங்கள். பிரேக் சூடேறியிருக்கலாம் என்று தோன்றினால் ஹேண்ட் பிரேக் இழுக்காமல், கியரில் விட்டுச் சக்கரத்துக்குக் கல் வையுங்கள். பானெட் இடுக்கில் புகை வந்தால் எல்லோரையும் இறக்கித் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். அப்போது பானெட்டை முழுதாகத் திறக்கக் கூடாது. காற்று புகுந்ததும் தீ குப்பென்று பிடிக்கும். கொதிக்கும் பிரேக் டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றும் பழக்கமும் வேண்டாம், டிஸ்க் கோணிப்போகும்.

படி 2: எப்போது வந்தது?

ஸ்டார்ட் செய்ததும் அல்லது ஏசி போட்டதும் ‘கீச்’ சத்தத்தோடு வந்தால் பெல்ட். மேடு ஏறும்போதும் நெரிசலில் ஊர்ந்து போகும்போதும் வந்தால் கிளட்ச். மலை இறங்கும்போது, அல்லது வண்டி நின்றதும் ஒரு சக்கரத்துப் பக்கம் மட்டும் வந்தால் பிரேக். டாஷ்போர்டு அடியிலிருந்து வந்தால் வயரிங். வளைவில் உரசல் சத்தத்தோடு வந்தால் டயர், சக்கரக் குழியின் உள்பக்க லைனரில் உரசுகிறது. அளவு மீறிய டயர் போட்ட வண்டிகளில் இது சகஜம்.

படி 3: பிரேக்

உயிரோடு விளையாடும் காரணம் இதுதான், அதனால் இதை முதலில் பார்த்துவிடுங்கள். பிரேக்கை அதிகம் மிதிக்காமல் 3, 4 கி.மீ. ஓட்டி நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் புறங்கையைக் கொண்டுபோங்கள். தொட வேண்டாம், அனல் தெரிந்தால் போதும். ஒன்று மட்டும் தகிக்கிறதென்றால் அந்தச் சக்கரத்தில் பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது.

நன்றாக ஆறவிட்டு, ஜாக்கி போட்டு, ஸ்டாண்டில் நிறுத்தி, கையால் சுற்றிப் பாருங்கள். லேசான உரசல் இருக்கலாம், இறுக்கம் கூடாது. இறுகியிருந்தால் சக்கரத்தைக் கழற்றுங்கள். முன் சக்கரத்தில், பேடுகளை டிஸ்க்கோடு அழுத்தும் காலிப்பரில் பெரும்பாலும் இரண்டு போல்ட். கழற்றிய காலிப்பரைப் பிரேக் ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டுங்கள். காலிப்பர் நகர உதவும் ஸ்லைடு பின் இரண்டையும் இழுத்துப் பாருங்கள். துருவோடு முறுக்கி முறுக்கி வந்தால் குற்றவாளி அதுதான். பிரேக் கிளீனரில் கழுவி, சிலிக்கான் பிரேக் கிரீஸ் மட்டும் மெல்லியதாகத் தடவுங்கள். பேரிங்குக்குப் போடும் கிரீஸைத் தடவினால் ரப்பர் பூட் உப்பி, சில மாதங்களில் மறுபடி இறுகும்.

ஸ்லைடு பின் சரியாக இருந்தும், பேடைத் தள்ளும் காலிப்பர் பிஸ்டன் அழுத்தினால் உள்ளே போகவில்லையா? பிரேக் ஆயிலை வெளியேற்றும் பிளீடர் நிப்பிளைச் சற்றுத் திறந்து அழுத்துங்கள். இப்போது போனால் ஹோஸ் உள்ளுக்குள் அடைத்திருக்கிறது, ஹோஸை மாற்ற வேண்டும். போகாவிட்டால் பிஸ்டனில் துரு. இந்த இரண்டு வேலையையும் பிரேக் பிளீட் செய்யத் (குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றத்) தெரிந்த மெக்கானிக்கிடம் விடுங்கள். பேட் 3 மி.மீ.க்குக் கீழே தேய்ந்திருந்தால் இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுங்கள். எல்லாம் பூட்டியதும், வண்டியை நகர்த்தும் முன் பெடல் கெட்டியாகும்வரை மிதியுங்கள். மறந்தால் முதல் மிதியில் பிரேக் பிடிக்காது.

நான்கு சக்கரமும் ஒரே மாதிரி சூடாக இருந்தால் பழுது ஓட்டும் விதத்தில் இருக்கிறது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் மூன்றாம் கியரில் பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால் எந்த வண்டியும் வாடை அடிக்கும். ஏறிய கியரிலேயே இறங்குங்கள். பெடல் பஞ்சு மாதிரி அமுங்கினால் ஆயில் கொதித்துவிட்டது. நிறுத்தி அரை மணி நேரமாவது ஆறவிடுங்கள். பழைய பிரேக் ஆயில் ஈரம் இழுத்துச் சீக்கிரம் கொதிக்கும் என்பதால் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்.

படி 4: பெல்ட்

எஞ்சின் அணைந்து ஆறியபின் பாருங்கள். பெல்ட்டின் வரிப்பக்கம் கண்ணாடிபோல் பளபளத்தாலோ, ஓரம் நார் நாராகப் பிரிந்தாலோ, புல்லியைச் சுற்றிக் கறுப்புத் தூள் படிந்திருந்தாலோ அது வழுக்குகிறது. கையால் டைட் செய்யும் வகையில் இரண்டு புல்லிக்கு நடுவே கட்டை விரலால் அழுத்தினால் சுமார் 10 மி.மீ. அமுங்க வேண்டும், உங்கள் வண்டியின் சரியான அளவு கையேட்டில் இருக்கும்.

சத்தம் மட்டும் வந்தால், ஓடும் எஞ்சினில் தள்ளி நின்று வரிப்பக்கத்தில் ஸ்பிரே பாட்டிலால் கொஞ்சம் தண்ணீர் அடியுங்கள் (துப்பட்டா, தொங்கும் சட்டைக் கை கூடாது). சத்தம் கூடினால் பெல்ட் லூஸ். சற்று அடங்கித் திரும்ப வந்தால் புல்லி கோணல்.

மாற்றும்போது பெல்ட் ஓடும் பாதையை முதலில் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். 4பிகே875 என்றிருந்தால் நான்கு வரி, 875 மி.மீ. நீளம், அதே அளவு வாங்குங்கள். கழற்றிய கையோடு ஒவ்வொரு புல்லியையும் சுற்றுங்கள். ஆல்டர்னேட்டர், டென்ஷனர் (பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் புல்லி), ஏசி கம்ப்ரசர் இவற்றில் எதன் பேரிங் கரகரத்தாலும் புது பெல்ட்டும் கருகிவிடும். பெல்ட்டில் சோப்புத் தேய்ப்பது சத்தத்தை இரண்டு நாள் மறைக்கும், அவ்வளவே.

படி 5: மற்றவை

கிளட்ச் சோதனைக்குத் திறந்த இடத்தில் ஹேண்ட் பிரேக் இழுத்து, பிரேக்கையும் மிதித்து, டாப் கியரில் கிளட்சை மெதுவாக விடுங்கள். எஞ்சின் உடனே அணைய வேண்டும். அணையாமல் ஓடினால் பிளேட் வழுக்குகிறது. ஒருமுறைக்கு மேல் சோதிக்காதீர்கள். பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் ஒன்றாக மாற்றுவதே லாபம். மேட்டில் ஹாஃப் கிளட்சில் வண்டியை நிறுத்தி வைத்தால் புதுப் பிளேட்டும் தாங்காது.

எஞ்சின் மேல்மூடியான டேப்பட் கவரின் பேக்கிங் கசிந்து, சூடான புகைக் குழாயான மேனிஃபோல்டில் ஆயில் சொட்டினாலும் கருகல் வரும். போல்ட்டை இறுக்கித் தீர்க்கப் பார்த்தால் போல்ட்தான் உடையும், பேக்கிங்கை மாற்றுங்கள்.

வயர் வாடை என்றால் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். 60/55 வாட் ஹெட்லைட் இருந்த இடத்தில் ரிலே (அதிகக் கரண்டைத் தாங்கும் தனி சுவிட்ச்) இல்லாமல் 100/90 பல்பு மாட்டியிருந்தால் ஹோல்டரைத்தான் முதலில் பாருங்கள், பிளாஸ்டிக் பழுத்து உருகியிருக்கும். எரிந்த ஃபியூஸுக்குப் பதில் கூடுதல் ஆம்பியர் போட்டால் அடுத்து எரிவது வயர்.

புதுப் பேட் போட்ட பின் முதல் 200, 300 கி.மீ. வரை லேசாக வாடை வரும். இடது, வலது சக்கரங்களின் அனல் ஒரே அளவில் இருந்தால் பயமில்லை. ஒரு பக்கம் மட்டும் தகித்தால் படி 3-க்குத் திரும்புங்கள்.