புது கிளட்ச் போட்ட பிறகு சத்தமா? கியர்பாக்ஸை மறுபடி இறக்கும் முன் இதைப் பாருங்கள்

கிளட்ச் மாற்றி முடித்து வண்டியை ஸ்டார்ட் செய்தால் புதிதாக ஒரு சத்தம். மறுபடியும் கியர்பாக்ஸை இறக்க வேண்டுமா என்று நினைத்தாலே மனம் சோர்ந்துவிடும். கொஞ்சம் பொறுங்கள். கோளாறு எங்கே என்பதைப் பெரும்பாலும் கிளட்ச் பெடலே காட்டிக்கொடுத்துவிடும்.

முதலில் ஃப்ரீ பிளே

எஞ்சினை அணைத்துவிட்டு, பெடலைக் கையால் மெதுவாக அழுத்துங்கள். தொடக்கத்தில் லேசாக இறங்கும், பிறகு கனக்கும். லேசாக இறங்கும் அந்தத் தூரம்தான் ஃப்ரீ பிளே. ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். பெடலையும் கிளட்ச்சையும் கேபிள் இணைக்கும் பல கார்களில் இது 10 முதல் 25 மி.மீ. வரை இருக்கும். உங்கள் காரின் கையேடு சொல்லும் அளவுதான் முடிவானது.

பழைய கிளட்ச் பிளேட் (எஞ்சினின் சுழற்சியைக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் வட்டத் தகடு) தேயத் தேய ஃப்ரீ பிளே குறைந்துகொண்டே வரும். அதற்கேற்பக் கேபிளைத் தளர்த்தி வைத்திருப்பார்கள். புது பிளேட் தடிமனானது என்பதால் அதே செட்டிங்கில் ஃப்ரீ பிளே கூடிவிடும். அப்போது கிளட்ச் முழுதாக விடுபடாது, ரிவர்ஸ் போடும்போது கரகரவென்று பல் உரசும். சரி, இறுக்கிவிடலாம் என்று ஒரேயடியாக முறுக்கிவிடாதீர்கள். ஃப்ரீ பிளே துளியும் இல்லாவிட்டால் ரிலீஸ் பேரிங் (பெடலை மிதிக்கும்போது கிளட்ச்சை அழுத்தி விடுவிக்கும் பேரிங்) ஓயாமல் அழுந்திச் சுற்றும், கிளட்ச் பிடிக்காமல் ஸ்லிப் ஆகும், புது பிளேட்டே கருகிப்போகும்.

கேபிளில் உள்ள லாக் நட்டைத் தளர்த்தி, அட்ஜஸ்ட் நட்டை அரைச் சுற்று திருப்புங்கள். பெடலை நாலைந்து முறை மிதித்துவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். அளவு வந்ததும் லாக் நட்டை இறுக்குங்கள். தானே சரிசெய்துகொள்ளும் கேபிள் என்றால் இந்த வேலை இல்லை.

கேபிளுக்குப் பதில் ஃப்ளூயிட் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் கிளட்ச்சில் சந்தேகப்பட வேண்டியது காற்றைத்தான். பெடல் பொதபொதவென்று இருந்து, பலமுறை மிதித்த பிறகு மட்டும் கியர் சுலபமாக விழுந்தால் லைனில் காற்று இருக்கிறது. பிளீட் செய்ய, அதாவது அந்தக் காற்றை வெளியேற்ற வேண்டும். ஃப்ளூயிட் பெயின்ட்டில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுங்கள்.

அப்புறம் காது கொடுங்கள்

வண்டியைச் சமதளத்தில், திறந்தவெளியில் நிறுத்துங்கள். ஹேண்ட்பிரேக் போட்டு, நியூட்ரலில் எஞ்சினை ஓடவிடுங்கள். இனி பெடலை மிக மெதுவாக, அங்கங்கே நிறுத்தி மிதிக்க வேண்டும். அவசரமாக மிதித்தால் எந்த இடத்தில் சத்தம் மாறுகிறது என்றே தெரியாது.

காலை வைத்ததுமே சத்தம் நின்றால் ரிலீஸ் ஃபோர்க் (ரிலீஸ் பேரிங்கைத் தள்ளும் நெம்புகோல்) அல்லது ரிலீஸ் பேரிங் தளர்வாக ஆடுகிறது. ஃபோர்க்கின் கிளிப் சரியாக உட்காரவில்லையோ என்னவோ. முழுதாக மிதித்த பிறகுதான் நிற்கிறது என்றால் கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் (கிளட்ச்சிலிருந்து சுழற்சியை உள்ளே வாங்கும் தண்டு) பேரிங். அது முன்பே தேய்ந்திருக்கலாம், கிளட்ச்சைக் குறை சொல்லிப் பயனில்லை.

மிதிக்க மிதிக்கச் சத்தம் எழுந்தால் ரிலீஸ் பேரிங். பிளேட்டை மட்டும் மாற்றிவிட்டுப் பழைய பேரிங்கையே போட்டிருந்தால் முதலில் அதைத்தான் சந்தேகிப்பேன். செலவைப் பார்க்காமல் இரண்டையும் சேர்த்தே மாற்றுவது நல்லது, இல்லாவிட்டால் பேரிங்குக்காக மறுபடியும் கியர்பாக்ஸை இறக்க வேண்டிவரும்.

கிரீச் சத்தம் மட்டும் என்றால் எஞ்சினை அணைத்துவிட்டு மிதித்துப் பாருங்கள். அப்போதும் கேட்டால் சுழலும் பாகம் எதுவும் காரணமில்லை. பெடல் பிவட், கேபிள், ஃபோர்க் பிவட் இவற்றில் ஒன்று கிரீஸ் இல்லாமல் காய்ந்திருக்கிறது.

பெடல் எப்படி இருந்தாலும் மாறாத உரசல் சத்தம் வந்தால், எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் உள்ள தகடு வளைந்து ஃப்ளைவீலில் (எஞ்சினோடு சுழலும் கனமான சக்கரம்) படுகிறதா என்று பாருங்கள். அதற்கு எஞ்சினை அணைத்து, வண்டியை ஜாக் ஸ்டாண்டில் (தூக்கிய வண்டியைத் தாங்கி நிற்கும் தாங்கி) நிறுத்திய பிறகே கீழே போங்கள். ஜாக்கை மட்டும் நம்பி ஒருபோதும் படுக்காதீர்கள்.

வண்டி கிளம்பும்போது உதறினால் எஞ்சின் மவுன்ட் போல்ட்டுகளை முதலில் பாருங்கள். அவை இறுக்கமாக இருந்தும், சில நூறு கிலோமீட்டர் நிதானமாக ஓட்டியும் உதறல் குறையாவிட்டால், பிளேட்டில் ஆயிலோ கிரீஸோ பட்டிருக்கலாம். அளவெல்லாம் சரியாக இருந்தும் கியரே விழவில்லை என்றால் பிளேட்டைப் பக்கம் மாற்றி மாட்டியிருக்கக்கூடும். இந்த இரண்டுக்கும் கியர்பாக்ஸை இறக்கித்தான் ஆக வேண்டும்.