பிள்ளைகளின் வாசிப்பு ஆசையைக் கெடுக்கும் தவறுகள்

பிள்ளை எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கியதும் கதை படித்துக் காட்டுவதை நிறுத்திவிடுகிறோம். "இனி நீயே படித்துக்கொள்" என்று புத்தகத்தைக் கையில் கொடுத்துவிடுகிறோம். பிள்ளைகளை வாசிப்பிலிருந்து விலக்கும் தவறுகளில் இதைத்தான் நான் முதலில் வைப்பேன். இரண்டாம் வகுப்புப் பிள்ளையால் தானாகப் படிக்க முடிவது நாலைந்து வரிக் கதை. அதன் மனமோ காட்டையும் போரையும் சூழ்ச்சியையும் கேட்கிறது. கண் அந்த இடத்துக்கு வந்து சேரும்வரை காதுதான் அதை அழைத்துக்கொண்டு போக வேண்டும்.

வேலூரைச் சுற்றியுள்ள வட ஆற்காட்டுக்காரர்களுக்கு இது புதிய செய்தியே இல்லை. திரௌபதி அம்மன் கோயில்களில் அக்னி வசந்த விழா நடக்கும்போது, பகலில் பிரசங்கியார் பாரதப் பாடலைச் சொல்லிப் பொருள் விரிப்பார். இரவில் அதே கதை தெருக்கூத்தாக வரும். துரியோதனன் வீழும் படுகளம் வரைக்கும் நாள்கணக்கில் அது நீளும். பாட்டில் பாதிச் சொல் விளங்காத சிறுவர்கள்கூட, அபிமன்யு என்ன ஆவானோ என்று மறுநாளும் வந்து உட்காருவார்கள். அந்த ஆவலை வீட்டிலும் உண்டாக்க முடியும். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு கால் மணி நேரம் போதும். பெரிய கதை ஒன்றை எடுத்து, தினமும் கொஞ்சம் உரக்கப் படித்து, சுவையான இடத்தில் நிறுத்துங்கள். ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் இதைச் செய்யலாம். படிக்கத் தெரியாத தாய் தந்தையரும் ஒதுங்கிவிட வேண்டியதில்லை. குடியாத்தம் பக்கம் வீட்டில் உட்கார்ந்து பீடி சுற்றும் தாய்க்குக் கை ஓயாது, ஆனால் காது சும்மாதான் இருக்கிறது. பிள்ளை படித்துக் காட்டட்டும், அவர் "அப்புறம்?" என்று கேட்கட்டும். அதைவிட நல்ல ஆசிரியர் அந்தப் பிள்ளைக்குக் கிடைக்கமாட்டார்.

"அப்புறம் என்ன ஆனது" என்று கேட்பது வேறு, "இந்தக் கதையின் நீதி என்ன" என்று கேட்பது வேறு. இரண்டாவது கேள்வியைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். கதை முடிந்ததும் நீதி கேட்டு, கடினச் சொல்லுக்குப் பொருள் கேட்டு, சுருக்கம் எழுதச் சொன்னால், அடுத்த புத்தகத்தைத் திறக்கும்போதே பிள்ளைக்குப் பரீட்சை நினைவுதான் வரும். ஒரு புத்தகம் முடித்தால் பத்து ரூபாய் என்று காசு கொடுப்பதும் வேண்டாம். காசு நின்றால் படிப்பதும் நின்றுவிடும்.

ஆந்திர எல்லைப்புறத்து வீடுகளில் ஒரு தயக்கத்தைப் பார்க்கிறேன். குடியாத்தம், காட்பாடிப் பக்கம் தெலுங்கு பேசும் குடும்பங்கள் நிறைய. ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரத்தில் வீட்டுக்குள் உருது ஒலிக்கும். பள்ளித் தமிழும் ஆங்கிலமும் குழம்பிவிடும் என்று பயந்து, பாட்டி சொல்லும் தெலுங்குக் கதையையும் உருதுக் கதையையும் நிறுத்திவிடுகிறார்கள். கதை எப்படித் தொடங்கும், எங்கே திரும்பும் என்ற அறிவு எந்த மொழியில் வந்தாலும் அடுத்த மொழிக்கும் உதவும். பாட்டியை நிறுத்தாதீர்கள்.

புத்தகத்தை நாமே தேர்ந்தெடுத்துக் கொடுப்பது அடுத்த தவறு. புத்தகக் கண்காட்சிக்கு அழைத்துப் போய், பிள்ளை ஆசையாக எடுத்த படக்கதையைப் பிடுங்கி வைத்துவிட்டுப் பொது அறிவுப் புத்தகம் வாங்கித் தருகிறோம். சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட நூலக விதிகள் ஐந்தில், ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல் என்பது ஒன்று. ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர் என்பது இன்னொன்று. ஒன்பது வயதுப் பிள்ளைக்கும் அந்த விதி பொருந்தும். பேய்க்கதையோ கிரிக்கெட் புத்தகமோ, அது எடுத்ததை அது படிக்கட்டும். பாதியில் பிடிக்காமல் மூடிவைத்தால் திட்டாதீர்கள்.

வாங்கப் பணமில்லை என்பதற்காக வாசிப்பைத் தள்ளிப்போடவும் வேண்டாம். 1948-இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. இன்றும் சொத்துவரியோடு சேர்த்து நூலக வரி கட்டிக்கொண்டிருக்கிறோம். வேலூரில் மாவட்ட மைய நூலகம் இருக்கிறது. சிற்றூர்களில் கிளை நூலகமும் ஊர்ப்புற நூலகமும் இருக்கின்றன. பிள்ளையின் பெயரிலேயே உறுப்பினர் அட்டை எடுத்துக் கொடுங்கள். தன் பெயர் எழுதிய அட்டையைக் கையில் பிடிக்கும் பெருமை தனி. புத்தகம் கிழிந்துவிடும் என்று பூட்டிவைப்பதைப் பற்றி என்ன சொல்வது! கிழிந்தால் ஒட்டிக்கொள்ளலாம்.

பலரும் கவனிக்காத முறிவு ஒன்பதாம் வகுப்பில் நடக்கிறது. "பத்தாவது முடியட்டும், கதைப் புத்தகம் அப்புறம்" என்கிறோம். பிறகு பன்னிரண்டாவது, பிறகு நுழைவுத் தேர்வு. நான்கைந்து ஆண்டுகள் புத்தகத்தைத் தொடாதவர் திரும்பி வருவது அரிது. பாடத்தைத் தாண்டி மனம் விரியத் துடிக்கும் வயதும் அதுதான். வாலாஜாப்பேட்டைக்கு அருகில் உள்ள வேலத்தில் வளர்ந்த மு. வரதராசன், பள்ளிப்படிப்பு முடிந்ததும் திருப்பத்தூர் தாலுகா அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவர். அவர் வாலாஜாப்பேட்டையைக் களமாக வைத்து எழுதிய நாவலுக்கு 1961-இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. தங்களுக்குத் தெரிந்த ஊர்ப் பெயரை ஒரு நாவலில் பார்க்கும் பிள்ளைகளுக்குப் புத்தகம் தூரத்துப் பொருளாகத் தோன்றாது. பரீட்சை ஆண்டிலும் ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரத்தைக் கதைப் புத்தகத்துக்கு விட்டுவையுங்கள்.

இதே வயதில் பெண்பிள்ளைகளுக்கு இன்னொரு தடையும் சேர்கிறது. பெரியவளானதும் நூலகத்துக்குத் தனியாகப் போக வேண்டாம் என்கிறோம். தம்பி போய் எதையாவது எடுத்து வருகிறான். அவளுக்கு என்ன வேண்டும் என்பது அவனுக்கு எப்படித் தெரியும்? தெருவில் உள்ள தோழிகள் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து போகட்டும். முதல் சில வாரங்கள் அம்மாவோ அத்தையோ கூடப் போய், நூலகரிடம் அறிமுகம் செய்துவைத்துவிட்டு வரலாம். அலமாரி முன்னால் நின்று புரட்டித் தேடும் நேரம் அவளுக்கும் வேண்டும்.