மா மில்லில் வெடிப்பு ஆபத்து: அளப்பது எப்படி, அடக்குவது எப்படி

யாழ்ப்பாணத்தில் சந்தைக்குக் கிட்ட இருக்கிற மில் ஒன்றை நினைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் அரிசி மா, ஒடியல் மா, மிளகாய்த்தூள் அரைபடும். அதே கூரையின் கீழ் மற்றப் பக்கம் தாச்சியில் மா வறுபடும். பறக்கிற தூளும் எரிகிற அடுப்பும் ஓர் அறைக்குள் இருப்பதுதான் இந்தத் தொழிலின் முதல் ஆபத்து.

மா குவியலாகக் கிடந்தால் மெதுவாகக் கருகும். காற்றில் பறக்கும்போது ஒவ்வொரு துகளையும் காற்றுச் சூழ்வதால் எல்லாம் ஒரே கணத்தில் எரியும். அறை மூடியிருந்தால் அந்த அமுக்கம் கூரையைத் தூக்கும், சுவரைத் தள்ளும். 1785 டிசம்பரில் இத்தாலியின் துரின் நகரப் பேக்கரி ஒன்றில் நடந்தது இதுதான். மாதக்கணக்கில் மழையில்லாமல் நன்றாகக் காய்ந்திருந்த மா கொட்டுப்பட்டுப் பறந்தபோது, அங்கிருந்த விளக்கு அதைப் பற்றவைத்தது. வறுத்த மா அதைவிடக் காய்ந்தது என்பதை மறக்காதீர்கள்.

படி 1: தூசை நிறுத்துப் பாருங்கள்

கண்மதிப்பு இங்கே உதவாது. சமையல் தராசு, மெல்லிய தூரிகை, ஒரு தாள், அளவுநாடா போதும். கூரையைத் தாங்கும் வளையின் மேற்பக்கம், அலுமாரித் தலை, சுவிற்ச் பெட்டியின் மேல், நிலத்து மூலை என்று சில இடங்களில் 50 சென்ரிமீற்றருக்கு 50 சென்ரிமீற்றர் சதுரம் குறியுங்கள். வளை ஒடுக்கமென்றால் அதே பரப்பு வரும்வரை நீளமாக எடுங்கள். தூசைத் தாளில் கூட்டி நிறுத்து, வந்த கிராமை 4 ஆல் பெருக்கினால் ஒரு சதுர மீற்றருக்கான அளவு வரும்.

அறை 6 மீற்றர் நீளம், 4 மீற்றர் அகலம், 3 மீற்றர் உயரம் என்றால் கனவளவு 72 கன மீற்றர். மா வெடிக்க ஒரு கன மீற்றர் காற்றில் ஏறக்குறைய 50 கிராம் பறந்தாலே போதும். ஆக அந்த முழு அறைக்கும் 3.6 கிலோ. நிலமும் வளைகளும் சேர்ந்து 30 சதுர மீற்றர் என்றால், ஒரு சதுர மீற்றரில் 120 கிராம். உங்கள் தாளில் அது வெறும் 30 கிராம். தடிப்பில் கால் மில்லிமீற்றர். விரலால் பெயர் எழுதக்கூடிய படை அவ்வளவுதான். அறையின் ஒரு மூலையில் மட்டும் அந்தச் செறிவு வந்தாலும் வெடிக்கும். ஆகவே தாளில் 10 கிராம் தாண்டினாலே அன்றைக்கே துப்புரவு செய்யுங்கள்.

வளை மேல் தூசுக்கு ஏன் இவ்வளவு கவனம்? முதல் வெடிப்பு பெரும்பாலும் இயந்திரத்துக்குள் சிறிதாக நடக்கும். அதன் அதிர்ச்சி மேலே படிந்ததையெல்லாம் உதிர்த்துவிட, பின்னால் வரும் தீ அதைப் பிடிக்கும். உயிர்கள் போவது இந்த இரண்டாவது வெடிப்பில்தான். 2008 இல் அமெரிக்காவின் ஜோர்ஜியாவில் சீனி ஆலையொன்றில் 14 பேர் இறந்ததும் இப்படித்தான்.

படி 2: தீ எங்கிருந்து வரும்?

தாச்சி அடுப்பை வேறு அறைக்கு மாற்றுங்கள். இடையில் கூரை வரை சுவர் வேண்டும். அரைவைக்குள் விழும் ஆணி, நட் பொறி கிளப்பும், எனவே தானியம் கொட்டும் வாயில் காந்தம் பொருத்துங்கள். வழுக்கும் பெல்ற், சத்தம் போடும் பெயாரிங் இரண்டும் சூடேறும். பெயாரிங் மூடியில் கை வைக்க முடியாத சூடென்றால் மில்லை நிறுத்துங்கள். சுவிற்ச், பிளக், விளக்கு ஆகியவற்றைத் தூசு புகாத ஐபி 65 தரத்தில் மாற்றுங்கள்.

உராய்வில் சேர்ந்து பொறியாகப் பாயும் நிலைமின்னைப் பலர் விட்டுவிடுவார்கள். உலோகக் குழாய், வாளி, இயந்திர உடல் எல்லாவற்றையும் செப்புக் கம்பியால் புவியோடு இணைத்து, மல்ரிமீற்றரில் ஒவ்வோர் இணைப்பும் 10 ஓமுக்குள் வருகிறதா என்று பாருங்கள். மூட்டுகளில் பெயின்ற் இருந்தால் அளவு ஏறும், சுரண்டிவிட்டு முறுக்குங்கள்.

படி 3: துப்புரவு

கொம்பிரசர் காற்றால் ஊதவே வேண்டாம். படிந்து கிடக்கும் தூசை வெடிக்கும் முகிலாக்குவது அதுதான். சாதாரண வீட்டு வக்கியூம் கிளீனரின் மோட்டரிலும் பொறி உண்டு. இயந்திரத்தை நிறுத்தி, அடுப்பை அணைத்து, மேலிருந்து கீழாக ஈரத்துணியால் துடையுங்கள். மின்பெட்டிகளுக்குக் காய்ந்த துணி, அதுவும் மெயினை நிறுத்திய பிறகே.

வெல்டிங் செய்வதென்றால் சுற்றிவர 11 மீற்றருக்குத் தூசு இருக்கக்கூடாது. வேலை முடிந்த பின்னும் ஒருவர் ஒரு மணி நேரம் அங்கே நின்று பார்க்க வேண்டும்.

கேஸில் வறுப்பவர்களுக்கு

கேஸ் காற்றைவிடப் பாரமானது. கசிந்தால் நிலத்தோடு ஊரும். ஒரு கிலோ கேஸ் ஏறக்குறைய அரைக் கன மீற்றர். காற்றில் 2 வீதம் கலந்தாலே பற்றும் என்பதால், மேலே சொன்ன 72 கன மீற்றர் அறைக்கு 3 கிலோ போதும். 12.5 கிலோ சிலிண்டரை வெளியே, நிழலில், நிமிர்த்தி வையுங்கள். நிலமட்டத்தில் காற்றுவாய் வையுங்கள். மூட்டுகளைச் சவர்க்கார நுரையால் சோதியுங்கள்.

புகை கண்டால்

மாப் பெட்டியில் கருகல் மணம் வந்தால் மூடியைத் திறக்கவோ கிளறவோ வேண்டாம். மெயின் சுவிற்சை நிறுத்தி, ஆட்களை வெளியேற்றி, தீயணைப்புப் படையைக் கூப்பிடுங்கள். வேகமாகப் பீச்சும் தண்ணீர் மாவைக் கிளப்பிவிடும். வந்தவர்களிடம் உள்ளே மா இருக்கிறது, மெல்லிய தூவலாக அடியுங்கள் என்று முதலில் சொல்லுங்கள்.